சூறாவளிச் செல்லம்மாவின் கூடை

பன்வில பஸ்ஸில் சந்திரிகா என்னை இடித்துக்கொண்டே வந்தாள். புத்தகக் கட்டு நசுங்குகிறதாம். நான் நசுங்குவது அவள் கண்ணில் படவில்லை. கண்டி அச்சகமொன்றில் கல்யாணக் கார்டு வடிவமைக்கிற என் மனைவி, சொந்தமாக வரைந்து வெளியிடும் சித்திரக்கதையின் இரண்டாவது புத்தகம் அது. கதாநாயகி சூறாவளிச் செல்லம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஆபத்தென்றால் காற்றாய்ப் பறப்பாள்.

முதல் புத்தகத்திலும் பறந்தாள். கூடையைத் தேயிலைக்குள் வீசிவிட்டுக் கொழும்புக்குப் போய், மூழ்கவிருந்த கப்பலைக் காப்பாற்றினாள். மந்திரி மாலை போட்டார். கண்டியில் நாலு பேர் பாராட்டினார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சந்திரிகாவின் அக்கா வேலாயி மட்டும், கதை முடிந்த பிறகும் இன்னும் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"கொழுந்து நிறுக்கையில இவ எங்க? கூடையில ஒண்ணுமில்ல. அன்னைக்கு அரைப்பேருதான் போட்டிருப்பாங்க, பாதிச் சம்பளம். அத வரையலயே?"

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று சந்திரிகா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தப் புத்தகமும் மலையில் எடுபடாவிட்டால் இனிப் பென்சிலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அதுதான் பயம்.

நாங்கள் மலையேறியபோது சாப்பாட்டு நேரம். பெண்கள் ரொட்டி தின்றுகொண்டிருக்க, வேலாயி உரக்க வாசித்தாள். இந்தத் தடவை கப்பலில்லை. மலைப்பாதையில் பிரேக் போன பஸ். பள்ளத்தின் விளிம்பில் செல்லம்மா அதைத் தாங்கிப் பிடித்தபோது ஒருத்தி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். எழுத்துப்பிழை பார்த்தவனே நான்தான். நானே அடுத்த பக்கத்தை எட்டிப் பார்த்தேன்.

பஸ் தப்பியது. செல்லம்மா திரும்பி வந்தாள். கூடை காலி. நிறுக்கக் கூப்பிடுகிறார்கள். வேலாயி பக்கத்தைப் புரட்டாமல் நிமிர்ந்தாள்.

"இப்ப என்ன செய்வா?"

சந்திரிகா என் கையில் நகம் பதியப் பிடித்தாள். பிறகு புஷ்பம் என்பவள், இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி சொன்னாள்:

"பக்கத்து நெரையில நாம இருக்கோம்ல. ஆளுக்கொரு பிடி போட்டா நெறஞ்சிரும்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வேலாயி புரட்டினாள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். வசனம் கிடையாது. செல்லம்மாவின் கூடைக்குமேல் கொழுந்து பிடித்த கைகள், எல்லாப் பக்கமிருந்தும் கைகள்.

வாசிக்க ஒன்றுமில்லாமல் வேலாயி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அவ்வளவுதான், எல்லோரும் அதன்மேல் கவிழ்ந்தார்கள். வளையல் போட்டது யார், விரலில் துணி சுற்றியது யார் என்று ஒரே இரைச்சல். புஷ்பம் கறை பிடித்த தன் கையைப் படத்தின்மேல் விரித்து வைத்து, அங்கிருந்த கைகளுக்குள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.