பூநாரை எழும்பும் இடம்

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வறட்டி தட்டிக் காயவைத்த குட்டைச் சுவருக்கு மேலாக மங்களாம்பிகை புத்தகத்தை நீட்டினாள்.

"மத்ததெல்லாம் கெடக்கட்டும், இத மொதல்ல படி. பதினெட்டாம் வாரத்துல நீ அழலேன்னா என் பேர மாத்திக்கிறேன்."

செவ்வந்தி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "பேய்க் கதைங்களா?"

"பேய்தான். ஆனா நல்ல பேய். பதினேழு வயசு. காதலிக்குது."

எட்டாவது வரை இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதன்பின் மங்களம் பண்ணை வீட்டுக்குள்ளும் செவ்வந்தி அதே பண்ணையின் நடவு வயலுக்குள்ளும் போய்ச் சேர்ந்தார்கள். பண்ணை வீட்டுக்கு வாராவாரம் பத்திரிகை வரும். தொடர்கதைப் பக்கங்களை மங்களம் கத்தரித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போடுவாள். கடைசியில் நோட்டுப் புத்தகத்தின் வெற்றுத்தாள் ஒன்றையும் வைத்துத் தைப்பாள். அதில் அவள் சிபாரிசு எழுதுவாள். படித்து முடித்தவுடன் கீழே செவ்வந்தி அபிப்பிராயம் எழுதித் திருப்ப வேண்டும். வாய்ப்பேச்சில் மங்களத்தை "நீங்க" என்று சொல்லிப் பழகிய செவ்வந்தி, அந்தத் தாளில் மட்டும் "நீ" என்று எழுதுவாள். நாகக்கன்னி, மந்திர மோதிரம், செத்தும் சாகாத இளவரசன் என்று இரண்டு வருடத்தில் பதினோரு கதைகள் இப்படிச் சுவர் தாண்டி வந்து போயிருந்தன.

அண்ணன் அரசப்பனுக்கு இந்தக் கதைகளைக் கண்டாலே சிரிப்பு. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தெருவில் கிளைச் செயலாளர் அவன்தான். "பேய்க்குக் காதல் ஒரு கேடா? மொதல்ல கூலிய ஒசத்திக் கேக்கச் சொல்லு" என்பான். ஆனாலும் விளக்குக்கு மண்ணெண்ணெய் தீர்ந்தால் அவன்தான் வாங்கி வைப்பான்.

இந்தப் பேய்க் கதை வந்த தை மாதத்தில் அவன் வீட்டில் இல்லை. புது ஆட்சி வந்தால் கூலி உயரும் என்று காத்திருந்து மூன்று அறுவடை ஆகிவிட்டது. இனிப் பொறுக்க முடியாது என்று தெருவே அரிவாளைக் கீழே வைத்தது. மங்களத்தின் அப்பா, பண்ணையார் பஞ்சநதம், வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் நடந்த கைகலப்பில் பண்ணைக் காரியக்காரருக்கு மண்டை உடைந்தது. வழக்கில் முதல் பெயர் அரசப்பனுடையது. அவன் அடித்ததைப் பார்த்தவர் எவருமில்லை. "போலீசு புடிச்சா கோர்ட்டுக்குக் கொண்டுபோவும். பண்ணை ஆளுங்க புடிச்சா எங்க கொண்டுபோவாங்க?" என்று அம்மாதான் அன்றைக்கே அவனைக் கிளப்பி அனுப்பினாள். போன இடம் வேதாரண்யத்திலிருந்து சைக்கிளில் உப்பு விற்க வரும் ஜெய்னுலாபுதீனுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை அவர் படியில் உப்பை அளந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னார்.

"கோடியக்கரைப் பக்கம் கூரை போன உப்புக் கெடங்கு ஒண்ணு, அதுலதான் இருக்கான். வெடியக்காலம் பூநாரை கூட்டமா எழும்புதாம், வானமே செவந்து போவுதாம். தங்கச்சிட்ட சொல்லுங்க, கதைக்கு ஆவும்னான்."

அம்மா உப்பை முந்தானையில் ஏந்திக்கொண்டு அழுதாள். செவ்வந்திக்கு வானம் சிவப்பதுதான் கண்ணில் நின்றது.

கதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. கடலில் மூழ்கி இறந்த பெண், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் இளைஞனைத் தேடி வருகிறாள். அவள் கால்பட்ட மணல் நனைவதில்லை. பதினெட்டாம் வாரத்தில் செவ்வந்தி அழுதாள். ஆனால் எழுதியவர் கடற்கரையைக் கண்ணால் பார்த்தவரில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அலையடிக்கும் இடத்தில் மாந்தோப்பை வைத்திருந்தார். அந்தத் தப்பைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

'மங்களம், நீ சொன்னபடி அழுதுவிட்டேன். ஆனால் கடலோரத்தில் மாந்தோப்பு ஏது? கோடியக்கரையில் கூரை இல்லாத பழைய உப்புக் கிடங்கு இருக்கிறது. அதில் ஒளிந்திருப்பவன் விடியலில் கண்ணைத் திறந்தால், பூநாரைகள் எழும்பி வானம் சிவந்துபோகும். கதையை அங்கே வைத்திருந்தால் அந்தப் பெண் திரும்பிப் போயிருக்கவே மாட்டாள்.'

இவ்வளவு நன்றாக அவள் அதுவரை எதையும் எழுதியதில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் புத்தகத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வியாழக்கிழமைக்கு முன்பே ஜெய்னுலாபுதீன் வந்தார். சைக்கிளில் உப்பு மூட்டை இல்லை. அரசப்பன் உப்பு வாய்க்காலில் கிடந்தான் என்றார். தவறி விழுந்ததாகப் போலீஸில் எழுதியிருந்தார்கள். முழங்காலளவுத் தண்ணீர்.

அம்மாவைப் பெண்கள் பிடித்துக்கொண்டபோது அவர் செவ்வந்தியைத் தனியே கூப்பிட்டார். "நான் எவன்கிட்டயும் வாயத் தொறக்கலம்மா, அல்லா மேல ஆணை. ரெண்டு நாளக்கி முன்னாடி நாலு பேரு ஜீப்புல வந்து உப்பளத்துல கேட்டிருக்கானுவ. பூநாரை எழும்புற பக்கம் கூரை போன கெடங்கு எதுன்னு. அந்தப் பேச்சு எப்படிம்மா அவனுவளுக்குப் போச்சு?"

செவ்வந்திக்குத் தன் கையெழுத்து, வரி வரியாக, கண்முன்னே வந்து நின்றது.

பதினாறாம் நாள் முடிந்து வயலுக்குப் போன அன்று, ஈர வயலில் கதிர் அறுத்த சேற்றுக் கையோடு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனாள். தெருவே வேலைக்குத் திரும்பியிருந்தது, பழைய கூலிக்கு. மங்களம் காத்திருந்தவள்போல வந்தாள். கழுத்தில் புது அட்டிகை.

"யாரு காட்டுனது?" என்றாள் செவ்வந்தி.

"செவ்வந்தி..."

"நீ காட்டுனியா, அவுங்களா எடுத்தாங்களா? அத மட்டும் சொல்லு."

மங்களம் சுவரில் ஒட்டியிருந்த வறட்டித் துணுக்கை நகத்தால் பெயர்த்தாள். "நாந்தான் படிச்சுக் காட்டுனேன். அப்பா சத்தியம் பண்ணுனாங்க, ரெண்டு தட்டு தட்டிப் போலீசுல விட்டுடுவோம்னு. ஊரு அடங்கும், அறுப்பு முடியும்னாங்க. மாசியில என் கல்யாணம்... எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒனக்குத்தான் எழுதுனேன். ஒங்கப்பாவுக்கு எழுதல."

"நீ ஏன் எழுதுன?" மங்களத்தின் குரல் உடைந்தது. "அப்படி எழுதுனா யாருக்குத்தான் புரியாது?"

அந்தக் கேள்வி செவ்வந்திக்குப் புதிதல்ல. பதினாறு நாளாக அவள் அதோடுதான் படுத்து எழுந்தாள். ஆனால் இந்த வாயிலிருந்து அது வந்தபோது, சுவரை எட்டி அந்த அட்டிகையைப் பிடித்து இழுக்கத் தோன்றியது. கை எழவில்லை.

மங்களம் முந்தானைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். தைத்த நூல் இன்னும் வெள்ளையாக இருந்தது. "ஒனக்குன்னு தச்சேன். படிச்சா மனசுக்குக் கொஞ்சம் தேவலையா இருக்கும். இதுல அண்ணன்காரன் செத்துப் போயிடுறான். ஆனா கடைசி வாரத்துல..."

"முடிவச் சொல்லாத" என்றாள் செவ்வந்தி.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்குக் கேட்டது. கொட்டகைக்குள் மாடு ஒன்று கழுத்தை உதறியது. மங்களம் புத்தகத்தை நீட்டியபடியே நின்றாள். அட்டையில் போட்டிருந்த காலண்டர் தாளின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பிப் படிந்தது. செவ்வந்தி தன் வலது கையைப் பார்த்தாள். அது, எப்போதும் புத்தகம் வாங்கும் முன் செய்வதுபோல, பாவாடையில் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது.