மூன்று மணி நேரக் கொடி

அரை மராத்தானில் முதுகில் கொடி கட்டிக்கொண்டு ஓடுகிற சிலரைப் பார்க்கலாம். மொத்த தூரம் இருபத்தொரு கிலோமீட்டர், அதற்கு மேல் ஒரு நூறு மீட்டர். ஆயிரம் பேர் கிளம்பினால் அதில் தொள்ளாயிரம் பேருக்குத் தங்கள் வேகம் என்னவென்று தெரியாது. அவர்களுக்காகத்தான் இந்தக் கொடி. ‘இரண்டு மணி நேரம்’ என்று எழுதிய கொடியின் பின்னால் போனால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இரண்டரை என்றால் இரண்டரை. கொடி சுமப்பவருக்கு வெற்றியும் கிடையாது, தோல்வியும் கிடையாது. சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் போல முந்தாமல் பிந்தாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கடைசிக் கொடி மூன்று மணி நேரம். அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வரும். அதற்கும் பின்னால், காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு குப்பை லாரி வரும். மூன்று மணி நேரம் முடிந்த நொடியில் எல்லைக்கோட்டு வாசலில் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் வருகிறவர்களுக்கு மெடலும் இல்லை, பட்டியலில் இடமும் இல்லை.

அந்தக் கடைசிக் கொடியைத்தான் வல்லூறின் முதுகில் கட்டினார்கள்.

வல்லூறு என்பது மைதானத்தில் வைத்த பட்டப்பெயர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றுவரை பின்னால் பதுங்கியிருந்து, முந்நூறு மீட்டர் இருக்கும்போது மேலிருந்து விழுகிற மாதிரி பாய்வாள். அதெல்லாம் போன கதை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கிற தசைநாண், நல்ல தாம்புக்கயிறு மாதிரி, மனிதனின் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு தாங்கும். ஆனால் கயிறு ஒரே நாளில் அறுவதில்லை, இழை இழையாக விடுகிறது. அவளுக்கு இரண்டு மாதம் காலையில் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது சுருக்கென்றது. அவளுடைய பழைய கோச், எல்லோருக்கும் ‘பெரியவர்’, ஓடும்போது வாய் திறப்பதே குற்றம் என்கிற ஆள். வலி என்று சொல்கிறவள் நாளைக்குத் தோல்வி என்று சொல்வாள் என்பது அவருடைய தத்துவம். அவளும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சியில் துணி கிழிகிற சத்தம் கேட்டது. யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. பெரியவர் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்தார், அதுவும் அவளிடமிருந்த மைதானச் சாவியை வாங்கிக்கொண்டு போக.

மெதுவாக ஓடலாம், பந்தயம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அண்ணன் வீட்டுப் பின்னறையில், ஐஸ் பையும் தானுமாக ஒன்றரை வருடம் கிடந்தாள். ஒரு நாள் அண்ணி வாசலில் நின்று, சும்மா படுத்திருப்பதற்கு, காலையில் பூங்காவில் ஓடுகிற எங்கள் கூட்டத்துக்காவது ஓடச் சொல்லிக்கொடு என்றாள். அண்ணி வரி அலுவலகத்தில் மேலாளர். அவள் கேட்பதெல்லாம் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும்.

பூங்காக் கூட்டத்தில் பதினான்கு பேர். அவர்களைப் பார்த்த முதல் நாளே வல்லூறுக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு வாட்ச் கட்டிய பல் டாக்டர், ஒன்று தப்பாகக் காட்டினால் இன்னொன்று இருக்கட்டும் என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், ஓட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் காலை நீட்டி மடக்கி, ஓடுகிற நான்கு நிமிடமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆளாளுக்கு வண்ண வண்ணக் காலணி, அதற்குள் இருக்கிற கால் மட்டும் மாவு பிசைந்த மாதிரி. அண்ணியோ ஓடிக்கொண்டே தன் அலுவலகத்து ஆட்களைத் திட்டினாள், மூச்சே வாங்காமல். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பார்களே, நாம் தேய்ந்து இந்த எறும்புகளுக்கு வழிகாட்டியாகிவிட்டோம் என்று வல்லூறு நினைத்தாள். எதையும் விளக்கவில்லை. ஓடுங்கள் என்றாள், நில்லுங்கள் என்றாள். பேசினால் முறைத்தாள்.

அப்படித்தான் அவர்கள் ஓடுகிற முதல் பந்தயத்துக்குக் கொடி கட்டினாள். மூன்று மணி நேரத்தை இருபத்தொன்றே சொச்சத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் முப்பத்திரண்டு விநாடி. மைதானத்தில் விநாடியில் பத்தில் ஒரு பங்கைப் பாதத்தால் அளந்தவளுக்கு இது என்ன பிரமாதம்? ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் கணக்கு பிசகாமல் எட்டு முப்பத்திரண்டில் தொட்டாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி காட்டியது. பெருமையாகத் தலையை நிமிர்த்தினாள்.

பந்தயத்தையும் பூங்காப் பயிற்சியையும் நடத்துகிற ஒருங்கிணைப்பாளர், வாசலில் கயிற்றோடு நின்று, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

“பஸ் கரெக்ட் டைமுக்கு வந்துடுச்சு. பயணிங்க எங்கம்மா?”

பதினான்கு பேரில் ஒருவர்கூட இல்லை. அண்ணி மூன்று மணி பதினான்கு நிமிடத்துக்கு வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, பேச்சில்லாமல் இருந்தாள். மூன்று பேர் அன்றோடு ஓட்டத்துக்கே முழுக்குப் போட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த பந்தயத்தில் குறைந்தது பத்துப் பேரையாவது கயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கவில்லையென்றால் கொடியும் பயிற்சியும் வேறு ஆளுக்குப் போகும். அவளுக்கு மறுபடியும் அந்தப் பின்னறையும் ஐஸ் பையும்தான்.

நான்காம் நாள் வீட்டில் வல்லூறுதான் பேச்சை ஆரம்பித்தாள். ரோடு சரியில்லை, வெயில், இவர்களுக்கெல்லாம் காலே இல்லை என்றாள்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நீ எங்களோட ஓடல. எங்களுக்கு முன்னாடி ஓடுன. ரெண்டும் ஒண்ணா?” என்றாள் அண்ணி.

குற்றம் அவர்களுடையதுதான் என்று நிரூபித்துக் காட்டவேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் வல்லூறு பல் டாக்டரின் வாட்ச்சை வாங்கினாள். அதில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரம் பதிவாகியிருந்தது. மற்றவர்களுடையதையும் வாங்கி ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். எழுதி முடித்ததும் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு பேரும் ஒரே இடத்தில் சாய்ந்திருந்தார்கள். பதினோராவது கிலோமீட்டர்வரை எல்லோரும் கொடியோடு இருந்தார்கள். பன்னிரண்டாவதில் மேம்பாலம்.

மறுநாள் நடந்தே அந்தப் பாலத்துக்குப் போனாள். ஒரு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கிலோமீட்டர் இறக்கம். வண்டியில் போகிறவருக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. ஏற்றத்தில் ஒவ்வொரு அடியிலும் உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். சமதரையில் எட்டு முப்பத்திரண்டு ஓடுகிற ஆள், அதே எட்டு முப்பத்திரண்டை ஏற்றத்தில் ஓடினால், அவர் உடம்புக்கு அது ஏழரைக்குச் சமம். கடிகாரம் ஒரே வேகம் என்கிறது, நெஞ்சு இல்லை என்கிறது. ஒருமுறை மூச்சு முட்டிவிட்டால் பிறகு இறக்கமே வந்தாலும் தேறாது. அவள் கணக்கு பிசகாமல் ஓடி, பதினான்கு பேரையும் அந்தப் பாலத்தில் ஒவ்வொருவராக உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்படி ஒரு முட்டாளை இதுவரை கண்டதில்லை என்று பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நினைத்தாள். இந்த முறை பல் டாக்டரை நினைக்கவில்லை.

பிறகு கணக்குப் போட்டாள், ரசித்துப் போட்டாள். ஏற்றத்தில் ஒன்பதரை நிமிடம் எடுத்துக்கொள்வது. ஐம்பத்தெட்டு விநாடி நஷ்டம். இறக்கத்தில் எட்டு நிமிடம், முப்பத்திரண்டு விநாடி திரும்ப வந்துவிடும். மீதி இருபத்தாறு. அதை முதல் பதினோரு கிலோமீட்டரில், கல்லுக்கு மூன்று விநாடி வீதம், யாருக்கும் உறைக்காமல் முன்னாலேயே சேர்த்து வைத்துக்கொள்ளலாம். சரி, ஆட்கள் தாங்குகிறார்களா இல்லையா என்று பின்னால் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் வழி கையிலேயே இருந்தது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் நெஞ்சுக்கு இன்னும் இடம் இருக்கிறது. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் எல்லைக்கு வந்தாயிற்று. பேச்சு நின்றால் ஆள் போச்சு.

மறுநாள் பூங்காவில், இனிமேல் ஓடும்போது எல்லோரும் பேச வேண்டும் என்றாள். எங்காவது வலித்தால் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும், மறைத்தவர்களுக்குப் பூங்காவில் இடமில்லை. பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணிக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பந்தயம். பதினோரு பேர் கிளம்பினார்கள். வல்லூறின் முதுகுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஓடுகிற நிலையிலும் யாருக்கோ பாலிசி விற்றுக்கொண்டிருந்தார். அண்ணி தன் அலுவலகத்துத் துணை மேலாளரின் வண்டவாளத்தை முதல் கிலோமீட்டரில் ஆரம்பித்து எட்டாவதில் அவன் கல்யாணத்துக்குத்தான் வந்திருந்தாள். இந்த அருவருப்பான கூட்டம் கலையாமல் வருகிறது என்பது வல்லூறுக்குக் காதாலேயே தெரிந்தது.

பாலத்து ஏற்றத்தில் பாதி தூரம் போனபோது சிறப்பு விருந்தினர்களின் வேன் பக்கத்தில் வந்து மெதுவானது. ஜன்னலில் பெரியவர்.

“வல்லூறு, கோழிக்குஞ்சு மேய்க்கிறியா? நடக்குறியா ஓடுறியான்னே தெரியல. காலைத் தூக்கு.”

அவள் யோசிக்கவே இல்லை. அவர் குரலுக்குக் கால் தானாகவே பதில் சொன்னது. பன்னிரண்டு வருடப் பழக்கம். முழங்கால் உயர்ந்தது, காற்று முகத்தில் அடித்தது, இருபது அடி, முப்பது அடி. எவ்வளவு நாளாயிற்று இப்படி ஓடி. வேனில் யாரோ கை தட்டினார்கள்.

அப்போது பின்னால் அண்ணியின் குரல் நின்றது.

பாலிசியும் நின்றது. பதினோரு ஜோடிக் கால்களின் தடதடப்பும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டது. வல்லூறு காலை அடக்கினாள். பாய்வதைவிட அடக்குவதற்குத்தான் பலம் அதிகம் வேண்டியிருந்தது. வேகத்தை ஒன்பதரை நிமிடத்துக்குக் குறைத்தாள், அதற்கும் கீழே குறைத்தாள். வேன் இன்னும் பக்கத்திலேயே உருண்டுகொண்டிருந்தது.

“சார், வண்டியை எடுங்க. ஏத்தத்துல ஆளுங்க வர்றாங்க, புகை விடாதீங்க,” என்றாள்.

“நான் உருவாக்கின பொண்ணாடி நீ?”

“கிழிச்சதும் நீங்கதான் சார். எடுங்க.”

வேன் போயிற்று. அதன் புகை கலைகிறவரை யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஈனஸ்வரத்தில், “அவன் கல்யாணத்துல என்னாச்சு தெரியுமா…” என்று அண்ணி ஆரம்பித்தாள். ஒரே மூச்சில் முழு வாக்கியம். வல்லூறு கிலோமீட்டர் கல்லைப் பார்த்தாள். திட்டத்தைவிட இருபது விநாடி பின்னால்.

பதினேழாவது கிலோமீட்டரில் ஏஜெண்ட், முட்டியில் ஏதோ குத்துகிறது என்றார். சத்தமாகத்தான் சொன்னார். எந்த இடத்தில், எத்தனை நேரமாக, காலை ஊன்றும்போதா எடுக்கும்போதா என்று கேட்டாள். ஆம்புலன்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“ஏறுங்க.”

“இன்னும் நாலுதானே கோச்? நான் போனா பத்துப் பேர்தான் இருப்பாங்க, ஒருத்தர் விட்டாலும் உங்க கொடி…”

“உங்க முட்டியைவிட என் கொடி பெரிசில்ல. ஏறுங்க, பாலிசி இருக்குல்ல?”

அதில் இன்னொரு இருபது விநாடி போயிற்று. மீதிப் பத்துப் பேரை, கல்லுக்குப் பத்து விநாடி வீதம் மீட்டபடி, இருபத்தொன்றாவது கல் வரை இழுத்துக்கொண்டு வந்தாள். அண்ணியை முன்னால் அனுப்பினாள், அவள் பேச்சு ஒரு கயிறு மாதிரி எட்டுப் பேரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. பின்தங்கியது பல் டாக்டர். முகம் வெளுத்து, இரண்டு வாட்ச்சும் கூவிக்கொண்டிருக்க, தள்ளாடினார். வல்லூறு திரும்பி இருபது மீட்டர் பின்னால் ஓடினாள்.

“எங்கயாவது வலிக்குதா?”

“இல்ல. அசிங்கமா இருக்கு,” என்றார் டாக்டர்.

“பார்க்கவும் அப்படித்தான் இருக்கு. அதைப் பத்தியே பேசிட்டு வாங்க.”

அவர் பேசினார். தன் இடது கால், வலது கால், தொப்பை, மனைவி பேச்சைக் கேட்டு இதில் சேர்ந்த நாள் எல்லாவற்றையும் திட்டினார். அவள் பக்கத்தில் ஓடவில்லை, பின்னால் ஓடினாள். தோளில் கை வைக்கக்கூடாது, தொட்டுத் தள்ளினால் ஓடுகிறவரையே கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆகவே பின்னாலிருந்து வாயாலேயே தள்ளினாள். அண்ணியின் கூட்டம் ஒன்பது பேர் வாசலுக்குள் போனதைப் பார்த்தாள். கடிகாரம் இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி. ஐம்பது. ஐம்பத்தொன்பது. டாக்டர் கோட்டைத் தாண்டி, நாலடி போய், புல்லில் விழுந்தார்.

அவளுக்கு மூன்று அடி முன்னால் கயிறு கட்டப்பட்டது.

முதுகில் ‘மூன்று மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய கொடியோடு, மூன்று மணி நேரம் இரண்டு விநாடிக்குக் கயிற்றின் வெளியே நின்றாள் வல்லூறு. ஒருங்கிணைப்பாளர் உள்ளே பத்துத் தலையை எண்ணினார், அப்புறம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பயணிங்க எல்லாம் வந்துட்டாங்க. பஸ்ஸைத்தான் காணோம்.”

உள்ளே மேடைக்குப் பக்கத்தில் மெடல் தட்டோடு பெரியவர் நின்றிருந்தார். பல் டாக்டர் எழுந்து அவரிடமிருந்து ஒன்றை வாங்கி, தங்கமா என்று பார்ப்பவர் மாதிரி கடித்துப் பார்த்தார். என்ன கேவலமான ஓட்டம் இவருடையது என்று வல்லூறு நினைத்தாள். தோள் குனிந்து, குதிகால் தேய்ந்து, கை இரண்டும் ஈ ஓட்டுகிற மாதிரி. தோளை மட்டுமாவது ஒரு மாதத்தில் நிமிர்த்திவிடலாம்.

அண்ணி மெடலை ஆட்டிக்கொண்டு கயிற்றுப் பக்கம் வந்தாள்.

“டைம் பார்த்து ஓடுற லட்சணம் இதுதானா? உனக்கு மெடல் கிடையாதாம், கேட்டுட்டேன்.”

“வச்சுக்கங்க.”

“அடுத்த தடவை ரெண்டே முக்கால்ல முடிச்சுரலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

“உங்க காலுக்கு ரெண்டு அம்பத்தஞ்சே ஜாஸ்தி அண்ணி,” என்றாள் வல்லூறு. சொல்லிவிட்டு, முதுகுக் கொடியை அவிழ்த்துக்கொண்டே இரண்டு ஐம்பத்தைந்தை மனதுக்குள் வகுத்தாள். எட்டு நிமிடம் பதினெட்டு விநாடி. பாலத்தில் ஒன்பது பத்து கொடுக்கலாம். இறக்கத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.