அப்பா போய்வந்த நொட்டிங்காம்

நிறுவனம் தன்னை இங்கிலாந்துக்கு அனுப்பப்போகிறது என்று தெரிந்த அன்று சாம்பவிக்கு முதலில் அப்பாவின் நினைவுதான் வந்தது. போகவேண்டிய ஊர் நொட்டிங்காம். அந்தப் பெயரை அவள் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். வீட்டில் அதை உச்சரித்தவர் அப்பா ஒருவர்தான். அங்கே ஆற்றங்கரையில் ஒரு பழைய கிரிக்கெட் மைதானம் இருக்கிறது என்று சொல்லுவார்.

அப்பா அரியரத்தினம் பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத நாட்டில் கிரிக்கெட்டோடு வாழ்ந்தவர். தலைமைச் சமையல்காரர் ரொபேருக்கு அகப்பையை மட்டையாகவும் வெங்காயத்தைப் பந்தாகவும் பிடித்து விளையாட்டை விளக்குவாராம். "ஐந்து நாள் விளையாடி ஒருவரும் வெல்லவில்லையா?" என்று ரொபேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாராம். அந்தக் கதையை அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் மைதானத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. லண்டனில் சொந்தக்காரர் கலியாணம் வரும்போதெல்லாம் அம்மாவும் பிள்ளைகளும் போவார்கள். அப்பா லீவு இல்லை என்று நின்றுவிடுவார். அவருக்குப் பயணம் பிடிக்காது என்று சாம்பவி நினைத்திருந்தாள்.

பாரிஸின் புறநகரான சென் தெனியில், மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் நிறுவனம் ஒன்றில் அவள் வேலைசெய்தாள். ஒரு நாள் கூட்டத்துக்காகத்தான் அவளை அனுப்பினார்கள். அதைச் சுற்றி லீவு போட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகத் தீர்மானித்தாள். திட்டம்போடுவதில் அவள் கெட்டிக்காரி. பாரிஸிலிருந்து போகும் ரயில் லண்டனில் எந்த நிலையத்தில் நிற்கிறதோ, அதே நிலையத்திலிருந்துதான் நொட்டிங்காம் ரயிலும் புறப்படுகிறது என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ. படி ஏறி இறங்கத் தேவையில்லை.

சனிக்கிழமை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அப்பாவைச் சந்தித்தாள். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவருடைய கூட்டாளி கிரிகோரியின் மரக்கறிக் கடை இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு, வீடு இருக்கும் பொண்டியிலிருந்து ரயிலேறி வந்து அந்தக் கடையடியில் நின்று கதைப்பதுதான் அப்பாவின் பகல்பொழுது. அவரைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய்த் தன் போனில் திட்டத்தைக் காட்டினாள்.

"புதன்கிழமை எனக்கு மீட்டிங். நீங்கள் ஹோட்டல்ல ஓய்வெடுங்கோ. வியாழன் காலமை மைதானம். அங்கை கவுண்டி மச் இருக்கு. ரெண்டு மணித்தியாலம் பாத்திட்டு, மத்தியானம் கோட்டை. பிறகு லண்டன். வெள்ளி காலமை தேம்ஸ்ல போட், பின்னேரம் மியூசியம், அப்பிடியே பாரிஸுக்கு ரெயின்."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "வடிவாப் போட்டிருக்கிறாய்," என்றார். பிறகு மெதுவாக, "அந்தக் கோட்டையை விடேலாதோ பிள்ளை? மைதானத்தில ஒரு நாள் முழுக்க இருந்தா நல்லம்."

"அப்பா, வெறும் உள்ளூர்க் கவுண்டி மச். ஒரு நாள் முழுக்க என்ன செய்வீங்கள்?"

"சும்மா இருக்கலாம்."

"இவ்வளவு தூரம் போய்ச் சும்மா இருக்கிறதோ?"

அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் கேட்டார். "எனக்கு விசா ஒண்டும் தேவையில்லையோ?"

"இப்ப அப்பிடி இல்லை அப்பா. போனிலையே அனுமதி எடுக்கலாம். பாஸ்போட்டில உங்கட படம் இருக்கிற பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கோ."

அன்று பின்னேரமே அப்பா படத்தை அனுப்பினார். திங்கட்கிழமை அலுவலகத்துச் சாப்பாட்டு இடைவேளையில் சாம்பவி இருவருக்குமான விண்ணப்பங்களையும் நிரப்பினாள். படத்தில் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் பார்த்தாள்; எந்த நாட்டவர் என்ற கேள்வி வந்த இடத்தில் இரண்டுக்கும் பிரான்ஸ் என்று அழுத்தினாள். சிறிது நேரத்தில் இரண்டுக்கும் அனுமதி வந்தது.

"வந்திட்டுது அப்பா," என்று போனில் சொன்னாள்.

"எனக்குமோ?"

"ஓம், உங்களுக்கும்தான்."

"காலம் மாறிப்போச்சு," என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த வியப்பு ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் லா சப்பல் முழுக்க அப்பா சொல்லித் திரிந்தார். மகள் இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், மச் பார்க்கப் போகிறோம் என்று. கிரிகோரி கடையில், முடிதிருத்தும் கடையில், கோயிலடியில், எல்லா இடத்திலும் சொன்னார். வெயிலுக்கு ஒரு தொப்பி வாங்கினார். அம்மா நாகேஸ்வரி மீன் ரோல்ஸ் செய்து கட்டிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கார் து நோர் நிலையத்தில், லண்டன் ரயிலுக்கான மேல்மாடியில் வரிசை நீண்டிருந்தது. பிரெஞ்சுப் பொலிஸைக் கடந்தார்கள். அடுத்தது, பாரிஸிலேயே சோதனை செய்யும் பிரித்தானிய அதிகாரிகளின் கண்ணாடிக் கூண்டு. சாம்பவி முதலில் போனாள். ஒரு நொடியில் முடிந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள்.

அப்பா கோட்டின் உட்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அது அவளுடையதுபோலச் சிவப்பாக இல்லை, நீல நிறமாக இருந்தது.

அதிகாரிப் பெண் அதைப் புரட்டினாள், கணினியைப் பார்த்தாள், மறுபடியும் புரட்டினாள். பிறகு எழுந்து வெளியே வந்து இருவரையும் ஓரமாக அழைத்தாள். குரலை உயர்த்தவில்லை. இது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இல்லை, பிரான்ஸ் அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம், இதற்கு முன்கூட்டியே விசா எடுக்கவேண்டும், போனில் எடுத்த அனுமதி இதற்குச் செல்லாது என்று ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"அவர் பிரெஞ்சுக்காரர்," என்றாள் சாம்பவி. "நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறார்."

அதிகாரி அப்பாவைப் பார்த்தாள். அப்பா நிலத்தைப் பார்த்தார். பிறகு, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், "ஐ அண்டர்ஸ்ரான்ட், மடம். சொறி," என்றார்.

சாம்பவி தமிழில் கேட்டாள். "அப்பா, உங்களிட்டப் பிரெஞ்சுப் பாஸ்போட் இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ வந்திட்டுது எண்டு சொன்னாய். நான் இப்ப இதுக்கும் விடுறாங்களாக்கும் எண்டு நினைச்சன்."

பின்னால் நின்றவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரயிலுக்கு அழைப்பு வந்தது. மேலாளர் மாக்சிம் நேற்றுத்தான் சொல்லியிருந்தார், இந்தக் கூட்டத்துக்காக நொட்டிங்காமில் உள்ளவர்கள் வேறு வேலைகளைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று. சாம்பவி போனைக் கையில் எடுத்தாள். யாருக்கும் அழைப்பு எடுக்கவில்லை.

"நீ போ," என்றார் அப்பா. "ஆக்கள் காத்துக்கொண்டிருப்பினம். எனக்கு வீட்டை போகத் தெரியாதோ? கீழ இறங்கினா பொண்டிக்கு ரெயின்."

"நான் நிக்கிறன் அப்பா."

"நிண்டு என்ன செய்யப்போறாய்? போ பிள்ளை."

ரோல்ஸ் பொதியை அவளுடைய பைக்குள் வைத்தார். ஒரு பொலிஸ்காரர் வந்து அவரை வந்த வழியாகவே கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் உள்ளே வந்துகொண்டிருந்த பாதையில் அப்பா மட்டும் எதிர்ப்பக்கமாக, புதுத் தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு நடந்தார். சாம்பவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ரயிலில் ஏறினாள்.

ரயில் பாரிஸைத் தாண்டியதும் அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"நீ விசா எடுத்திட்டாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்," என்றாள் அம்மா.

"அவருக்குப் பிரெஞ்சு நசியோனலித்தே இல்லை எண்டு எனக்கு ஏனம்மா ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நான் எடுத்திட்டன். அவரும் குடியுரிமைக்குப் போட்டவர். ரெண்டு தரம் போட்டவர். இன்ரவியூவில பிரெஞ்சு காணாது எண்டு மறுத்திட்டாங்கள். பிள்ளையளுக்குச் சொல்லாதை எண்டவர். நீங்கள் அப்ப பள்ளிக்கூடத்தில பிரெஞ்சில முதலாவதா வந்துகொண்டு இருக்கிறியள்."

சாம்பவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லண்டன் கலியாணங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பட்டுச் சேலையோடு அம்மா. பின்னால் பெட்டிகளோடு பிள்ளைகள். லீவு கிடைக்கவில்லை என்று நிலையம் வரை வந்து வழியனுப்பிய அப்பா. உணவகம் கோடையில் ஒரு மாதம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கலியாணங்களில் பாதி அந்த மாதத்தில்தான் நடந்தன.

புதன்கிழமைக் கூட்டம் நன்றாகவே நடந்தது. வியாழக்கிழமை அவள் திரும்பியிருக்கலாம். ஆனால் மைதானத்துக்கு எடுத்த இரண்டு டிக்கெட்டும் போனில் இருந்தன. ஆற்றுப் பாலத்தைக் கடந்து மைதானத்துக்குப் போனாள். பெரும்பாலான இருக்கைகள் வெறுமையாக இருந்தன. வயதானவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்திரிகை வாசித்துக்கொண்டும் சாண்ட்விச் பிரித்துக்கொண்டும் இருந்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. அப்பா சொன்ன சும்மா இருப்பது இதுதான் என்று அவளுக்கு விளங்கியது.

அப்பாவுக்கு எடுத்தாள். வீடியோவில் காட்டவா என்று கேட்டாள்.

"வேண்டாம். நீ சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் எந்தப் பக்கத்தால வருகுது? காத்துக் குளிரோ? பந்து மட்டையில படுற சத்தம் உனக்கு உடன கேக்குதோ, இல்லாட்டிப் பிந்திக் கேக்குதோ? தேத்தண்ணி எங்கை விக்கினம்? பக்கத்தில ஆர் இருக்கினம்?

"ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அப்பா. முழங்காலுக்குக் கம்பளிப் போர்வை போட்டிருக்கிறா. ஆரும் அவுட்டானா மட்டும் தலையை நிமித்திறா."

அப்பா சிரித்தார். இரண்டு நாளைக்குப் பிறகுதான் அவள் அந்தச் சிரிப்பைக் கேட்கிறாள். இடையில் மழை தூறி ஆட்டம் நின்றது. அவள் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. கோட்டைக்கும் போகவில்லை. ஆட்டம் முடியும்வரை நாலைந்து தரம் அப்பாவோடு கதைத்தாள். அவர் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தேம்ஸ் படகை விட்டுவிட்டு முதல் ரயிலில் பாரிஸ் வந்தாள்.

அடுத்த நாள் லா சப்பலுக்குப் போனபோது அப்பா இன்னும் வந்திருக்கவில்லை. கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கிரிகோரி அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாரும் பிள்ளை! அப்பாவுக்குப் பெரிய சந்தோசம் குடுத்திட்டீர். நேற்றுப் பின்னேரம் வந்து ஒரே கதை. நாங்கள் கடை பூட்டுமட்டும் விடேல்லை."

"என்ன கதை மாமா?"

"மச் கதைதான். வெயில் பெவிலியன் பக்கத்தால வந்ததாம். பந்தின்ர சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் கேக்குமாமே? பிறகு மழை வந்து நிண்டதாம். பக்கத்தில ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தவவாம். அப்பா குளிர்ல நடுங்கிறதைப் பாத்திட்டு, தன்ர போர்வையில பாதியைப் போத்திவிட்டவவாம். எப்பிடியான சனம் பாரும்!"

சாம்பவி வாயைத் திறந்தாள். அப்போதுதான் கிரிகோரியின் தோளுக்கு மேலால் அப்பாவைக் கண்டாள். தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தவர், அவளைக் கண்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டார். தலையில் அந்தத் தொப்பி. அவருடைய கண்கள் அவளிடம் கெஞ்சவில்லை. கூண்டடியில் நிலத்தைப் பார்த்தது போலவே இப்போதும் நிலத்துக்குத் தாழ்ந்தன.

"ஓம் மாமா," என்றாள் சாம்பவி. "சரியான குளிர். நல்ல மனுசி அவ."

அப்பா கடைக்குள் வந்து கத்தரிக்காய்ப் பெட்டியடியில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றையும் வாங்கவில்லை.

இருவரும் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்னார். "செவ்வாயிலயிருந்து வீட்டைவிட்டு வெளியில வரேல்லை. ஆரும் கண்டிடுவினம் எண்டு. பிறகு வந்தா, எல்லாரும் கேக்கினம். என்னெண்டு சொல்லுறது, என்னை விடேல்லை எண்டு?"

"பிழை என்ரதான் அப்பா. நான் அந்தப் புத்தகத்தின்ர அட்டையைக்கூடக் கேக்கேல்லை."

"உன்ர பிழை இல்லை. நான் மறைச்சது."

"விசாவுக்குப் போடுவம். நானே எல்லாம் செய்யிறன். செப்டம்பர் மட்டும் மச் இருக்கு. நாள் முழுக்க இருப்பம். கோட்டையெல்லாம் வேண்டாம்."

அப்பா நின்றார். "இனி என்னெண்டு போறது பிள்ளை? நான் போய்வந்திட்டனெல்லே."

"அவையளுக்குச் சொல்லாமப் போகலாம்."

"அவையளுக்காக இல்லை." அவர் அவளைப் பார்க்காமல், போகிற வருகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தக் கூண்டடியில இன்னொருக்கா என்னால நிக்கேலாது. உனக்கு முன்னால நிக்கேலாது."

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அவர் பிடிக்கவிட்டார். பொண்டி ரயில் வரும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அதற்குப் பிறகும் அவள் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு முறை பொண்டிக்குப் போகும்போதும் விசாக் கதையை எடுப்பாள். பார்ப்பம், பார்ப்பம் என்பார் அப்பா. பிறகு முழங்கால் நோவைச் சொல்லுவார். செப்டம்பரும் போனது. ஒருநாள் அம்மா அவளைக் குசினிக்குள் கூப்பிட்டு, "இனிக் கேக்காதை. நீ போனாப் பிறகு மனுசன் சாப்பிடுறேல்லை," என்றாள். அதோடு சாம்பவி கேட்பதை நிறுத்தினாள்.

அடுத்த கோடையில் நிறுவனம் அவளை மறுபடியும் நொட்டிங்காமுக்கு அனுப்பியது. இம்முறை திட்டம் ஒன்றும் போடவில்லை. கூட்டம் முடிந்ததும், பின்னேரம் மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது, வருகிறீர்களா என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். நேரமில்லை என்று சொல்லிவிட்டு நேரே நிலையத்துக்குப் போனாள்.

திரும்பி வந்து லா சப்பலில் மரக்கறி வாங்கும்போது கிரிகோரி சொன்னார்.

"இந்த முறை நீங்களும் போகேல்லையோ எண்டு அப்பாவிட்டைக் கேட்டனான். ஒருக்காப் பாத்தாப் போதும் எண்டிட்டார்."

"ஓம் மாமா," என்றாள் சாம்பவி. "அப்பிடித்தான் எனக்கும் சொன்னவர்."

பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.