லவ்வுதான் கொஞ்சம் இழுவை

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிவதற்கு முன்பே 'கட்சித் தாவல்' படத்தைப் பற்றி நாடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அரசியல் பிரமாதம், காதல் கழுத்தறுப்பு. சிட்லபாக்கத்தில் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி சத்யப்ரியா ஒவ்வொரு விமர்சனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

படத்தில் அரசியலை எழுதியவர் இயக்குநர் சூர்யநாராயணன். காதலை எழுதியவள் சத்யப்ரியா.

அவள் அதுவரை டிவி சீரியல்களில் மாமியார்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். "எனக்கு லவ் வராதும்மா, அதை மட்டும் நீங்க பாத்துக்கோங்க" என்று சூர்யநாராயணன் கேட்டபோது, வாழ்க்கையில் விடிந்துவிட்டது என்று நினைத்தாள். படத்தின் டைட்டிலில் 'கூடுதல் வசனம்' என்று அவள் பெயர் வரும். சிகரெட் எச்சரிக்கையை விடக் கொஞ்சம் பெரிய எழுத்து.

கதை இதுதான். ஆட்சியைக் கவிழ்க்க எம்.எல்.ஏ.க்களை ஒரு ரிசார்ட்டில் அடைத்து வைத்து பிரியாணி போடுகிறார்கள். அவர்களை மீட்க முதல்வரின் செயலாளர், அதாவது கதாநாயகன், கிளம்புகிறான். எதிர்க்கட்சித் தலைவரின் மகள், அவளும் எம்.எல்.ஏ., அவன்மேல் காதல் கொள்கிறாள். நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் சொந்த அப்பாவை எதிர்த்து அவள் போடும் ஒற்றை ஓட்டில் ஆட்சி பிழைக்கிறது.

"காதல் காட்சிகளை ரசிகர்கள் கழிவறைக்குப் போய்வருவதற்காகவே இயக்குநர் கருணையோடு வைத்திருக்கிறார்" என்று ஒரு பிரபல விமர்சகர் எழுதியிருந்தார். சத்யப்ரியா அதை மூன்று தரம் படித்தாள். வாக்கியம் நன்றாக இருந்ததுதான் கூடுதல் எரிச்சல்.

"விமர்சகனுங்களுக்கு என்ன தெரியும்? ஜனங்க கூட உட்கார்ந்து பாத்தாதான் தெரியும்" என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷன் பிரேமை இழுத்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு தியேட்டருக்குப் போனாள்.

பிரேம் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தான். நாள் முழுக்க ஒவ்வொரு பாகமாகக் கையிலெடுத்து இதில் என்ன குறை என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். நல்ல மனுஷன். பொய் சொல்ல மட்டும் வராது.

ரிசார்ட் காட்சிகளில் தியேட்டர் கிழிந்தது. ஒரு எம்.எல்.ஏ. நீச்சல்குளத்தில் மிதந்தபடியே கட்சி மாறியபோது, பொத்தேரியிலிருந்து வந்திருந்த காலேஜ் பையன்கள் நாற்காலிமேல் ஏறி விசில் அடித்தார்கள். பிறகு காதல் வந்தது. பையன்கள் இறங்கி உட்கார்ந்து செல்போனை எடுத்தார்கள். முன்வரிசை முழுக்க நீல வெளிச்சம். ஒரு குடும்பம் பாப்கார்னுக்கு மொத்தமாக எழுந்து போனது. பின்னால் ஒருவர் போனில் தண்ணி லாரிக்காரனை மிரட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் மழை. ரயில் நிலையத்தில் கதாநாயகி காத்திருக்கிறாள். கதாநாயகன் தாமதமாக வந்து, நனைந்த முடியை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறான்: "நீ எனக்காகக் காத்திருந்த ஒவ்வொரு நொடிக்கும் என் ஆயுசுல ஒரு வருஷத்தை எடுத்துக்கோ."

"அப்போ இன்டர்வெலுக்குள்ள செத்துடுவான்" என்றார் தண்ணி லாரி ஆசாமி. அந்தப் படத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

சத்யப்ரியா பக்கத்தில் பார்த்தாள். பிரேமும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் இருமினான்.

படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் காஜா நின்றிருந்தான். கையில் மைக், தோளில் பை, எதிரே செல்போனோடு ஒரு கூட்டாளி. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை மடக்கிக் கருத்து கேட்டு யூடியூபில் போடுவது அவன் தொழில். ஆயிரம் பேர் வெளியே வந்துகொண்டிருக்க, அவன் பிரேமைப் பிடித்தான்.

"அண்ணா, படம் எப்டி கீதுண்ணா?"

"பாலிடிக்ஸ் செம" என்றான் பிரேம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மைனஸ் எதுனா கீதாண்ணா?"

குறை என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் பிரேமுக்குக் கண் முன்னால் வேறெதுவும் தெரியாது. பக்கத்தில் பெண்டாட்டி நிற்பதும் தெரியவில்லை.

"லவ்வுதான் கொஞ்சம் இழுவை. அந்தப் பொண்ணு எதுக்கு அவனை லவ் பண்ணுதுன்னே தெரியல. அவன் பேசறதைக் கேட்டா எந்தப் பொண்ணும் அடுத்த ட்ரெயினைப் பிடிச்சுப் போயிடும்."

கூட்டம் கைதட்டியது. கேமராவில் பிரேமுக்கு இடப்பக்கம் சத்யப்ரியாவின் முகம் துல்லியமாக விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவம் ஒன்று மேலே, ஒன்று கீழே.

மறுநாள் காலையில் அந்த முகம் வாட்ஸாப்பில் ஸ்டிக்கராகிவிட்டது. 'வீட்டுக்கு வா' என்று கீழே எழுதியிருந்தார்கள். அவளுடைய அண்ணியே குடும்ப குரூப்பில் அதை அனுப்பினாள், யார் முகம் என்று பார்க்காமல்.

வீட்டில் பிரேமுக்கு இட்லியும் சட்னியும் கிடைத்தன. பேச்சு கிடைக்கவில்லை. அன்று மாலை அவனே ஆரம்பித்தான்.

"நீ எழுதினதுன்னு தெரியும் ப்ரியா. ஆனா கேட்டுட்டான். நான் என்ன பண்றது?"

"நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்."

"நல்லா இல்லையே."

"அது நம்ம கதை பிரேம். தாம்பரம் ஸ்டேஷன். நான் உனக்காகக் காத்திருந்தது. அதைத்தான் எழுதினேன்."

பிரேம் நிஜமாகவே திகைத்துப்போனான். "அதுல நான் எங்க இருக்கேன்? மழையே பெய்யலையே! மே மாசம். நான் ட்ரெயின்ல தூங்கிட்டு செங்கல்பட்டு வரைக்கும் போய்ட்டு வந்தேன்."

உண்மைதான். பெரியவர்கள் ஜாதகம் பார்த்து முடித்த பிறகு, தனியாக ஒரு தரம் பேசிப் பார்க்கலாம் என்று சத்யப்ரியாதான் சொன்னாள். தாம்பரத்தில் இறங்க வேண்டிய மாப்பிள்ளை, நைட் ஷிப்ட் களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டே செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தான். திரும்பி வரும் ரயிலில் இரண்டு பேருக்கும் சமோசா வாங்கினான். பதற்றத்தில் தன்னுடையதைத் தின்றான். பிறகு அவளுடையதிலும் பாதி. மீதிப் பாதியைக் காகிதத்தில் வைத்து நீட்டி, "நீங்க இன்னும் போகலையா?" என்று கேட்டான்.

"ஆட்டோக்காரன் நூத்தம்பது கேட்டான், அதான் போகல" என்றாள் அவள். பிறகு அந்தப் பாதி சமோசாவைத் தின்றாள். அவ்வளவுதான் நடந்தது. கல்யாணத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"நெஜத்துல நடந்தது இதைவிட நல்லா இருந்துச்சு" என்றான் பிரேம்.

அவன் சொன்னதில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சமோசாவை எடுத்துவிட்டு மழையைப் போட்டது யார்? அவள்தான். யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சூர்யநாராயணன் போன் செய்தார். குரலில் துக்க வீட்டு மரியாதை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. புரொட்யூசர் ட்ரிம் பண்ணச் சொல்லிட்டார். லவ் போர்ஷன் முழுக்கத் தூக்கிட்டோம். நாளைலேர்ந்து புது வெர்ஷன்."

"முழுக்கவா சார்?"

"கிளைமாக்ஸ் முத்தத்தை மட்டும் விட்டிருக்கோம். அப்புறம் ஒரு பாட்டு இருக்கு. அதுவும் டைட்டில் கார்டுல போயிடும்."

வியாழக்கிழமை காலை காந்தா வந்தாள். கோவளத்துப் பக்கம் மீனவக் குப்பம், வாரத்தில் இரண்டு நாள் ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு வந்து தெருத்தெருவாக மீன் விற்பவள். அன்று மீனை எடுத்துக் காட்டுவதற்கு முன்பே கேட்டாள்.

"இன்னாமா, நீதான அந்தக் கட்சிப் படம் எழுதுனது? நேத்து எங்க குப்பத்துப் பொம்பளைங்கல்லாம் வேன் வெச்சிகினு போனோம். எனுக்கு ஒண்ணு மட்டும் பிரியல. அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அவனுக்கு ஓட்டு போட்ச்சு?"

சத்யப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னன்னு நினைச்சீங்கக்கா?"

"அண்ணன் தங்கச்சின்னு நென்ச்சோம். சின்ன வயசுலியே பிரிஞ்சுட்ட மாரி. எங்கூட மீன் விக்கிற புஷ்பம்தான் சொன்னா, மூக்கு ஒரே ஜாடையா கீதுன்னு. அண்ணனுக்கோசரம் தங்கச்சி ஓட்டு போட்டா ஞாயம்தான? நானே அழுதுட்டேன். பாத்தா, கடசீல அவளக் கட்டிப் புட்ச்சு முத்தம் குட்க்குறான்!" காந்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேன்ல வூடு வர்ற வரைக்கும் ஒரே சண்ட. புஷ்பம் இன்னிக்கி வியாபாரத்துக்கே வர்ல."

சத்யப்ரியாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்கு வந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

"சொல்லித்தான் தொலயேன், இன்னா நடந்துச்சு?"

அவள் சொன்னாள். மழையை விட்டுவிட்டாள். செங்கல்பட்டு, குறட்டை, நூற்றைம்பது ரூபாய் ஆட்டோ, பாதி சமோசா எல்லாவற்றையும் அந்த எம்.எல்.ஏ.வின் கதையாகவே சொன்னாள். காந்தா சங்கரா மீனைச் செதில் எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தின்னுட்டானா? அவளுதயும்?"

"பாதி."

"கம்னாட்டி" என்றாள் காந்தா, மிகுந்த பிரியத்தோடு. "ஆனா மிச்சம் எட்த்தாந்தான் பாத்தியா? எங்கூட்டுக்காரரு கடசி வரிக்கும் எட்த்தாந்ததில்ல. இத்த ஏன் வெக்கல நீங்க? நடுவுல ரெண்டு பைட்டும் வெச்சிருந்தா இன்னும் சோக்கா இருந்திருக்கும்."

அன்று மதியம் பிரபல விமர்சகர் மறுபடி எழுதினார். புதிய வடிவத்தைப் பார்த்தாராம். "நாயகி ஏன் அப்படி வாக்களித்தாள் என்பதற்கு எந்தக் காரணமும் சொல்லாமல் விட்ட துணிச்சல், தமிழ் சினிமாவுக்குப் புதிது. அதிகாரத்தின் புதிரை இத்தனை மௌனமாக யாரும் சொன்னதில்லை." சூர்யநாராயணன் அதை அவளுக்கு அனுப்பி, கூடவே இரண்டு கும்பிடும் வைத்திருந்தார்.

ஆனால் தியேட்டர்களில் காந்தாவின் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தங்கை விவகாரம் குப்பத்தோடு நிற்கவில்லை. அனகாபுத்தூரிலும் பல்லாவரத்திலும் அதே சந்தேகம். 'தங்கைக்கு முத்தமா?' என்று ஒரு மாதர் அமைப்பு கண்டன அறிக்கையே விட்டது. வார இறுதியில் தயாரிப்பாளர் பதறிப்போய் வெட்டியதை மறுபடி ஒட்டினார். பழையபடி ஜனங்கள் மழைக் காட்சியில் எழுந்து பாப்கார்னுக்குப் போனார்கள். இந்த முறை யாரும் திட்டவில்லை. காதலர்கள் என்று உறுதியானதே பெரிய நிம்மதியாக இருந்தது. படம் பிழைத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து சூர்யநாராயணன் மறுபடி கூப்பிட்டார். அடுத்த படம், இடைத்தேர்தல் கதை, உள்ளே ஒரு காதல்.

"லவ் நீங்கதாம்மா."

"இல்ல சார். இந்தத் தடவை அரசியலை நான் எழுதறேன். லவ்வை நீங்க எழுதுங்க."

"எனக்கு லவ் வராதுன்னு சொன்னேனே."

"எனக்கும் வரல சார். நான் எழுதலையா?"

மறுமுனையில் அவர் சிரித்தார். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். கல்யாணமாகி இருபது வருஷமான மனுஷன் காதலுக்கு வீட்டில் அனுமதி கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஏதாவது தேறலாம்.

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பிரேமுக்கு அடக்க முடியவில்லை. "அவர் எழுதற லவ்வை யாரு பாக்கறது?"

"நாமதான். முதல் நாள், முதல் ஷோ" என்றாள் சத்யப்ரியா. "வெளிய வந்து எவன் மைக்கை நீட்டினாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசிக்கறேன்."