தால்சா ஊற்றி அணைத்த தீ

"நாலு மாடித் தீயை ஒத்தை ஆளா, ஒரு தேக்சா தால்சாவை ஊத்தி அணைச்சவன் நான். ஒரு சொட்டுத் தண்ணி கேட்டேனா?"

விசாரணையில் சொல்வதற்காக அப்துல் பாரி கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் இது. விடிகாலை சுபுஹு பாங்கு சொல்லும் முன்பே அவர் மவுத்தாகிவிட்டார். இந்நேரம் அவர் விசாரணையில் நின்றுகொண்டிருக்க வேண்டும். கூடத்தில் அவர் உடலுக்குச் சுற்றும் கஃபன் துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஃபக்ருன்னிசாவின் தலைக்குள் அந்த வசனம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அழுகை வரவில்லை. சப்பணமிட்ட கால் மரத்துப்போவதைப்போல நெஞ்சும் மரத்துக் கிடந்தது.

பாரி பபேடான் தெருவின் தொண்டர் தீயணைப்புப் படையில் மீசை கறுத்திருந்த காலத்திலிருந்தே இருந்தவர். தேநீர்க்கடையில் அவர் கதை சொன்ன முதல் நாள் அந்தத் தீ வெறும் பின்சந்து அட்டைக் கிடங்கின் தீயாகத்தான் இருந்தது. வாரக் கடைசியில் நாலு மாடி ஏறிவிட்டது. அவருக்கு ஆயுசு மட்டும் இருந்திருந்தால் ஆற்றைத் தாண்டி அக்கரை ஊரான தன்லியினையும் பிடித்திருக்கும். அவர் கதை சொல்லிக் கையை வீசினால், சாமான் இழுக்க மேல்மாடிகளிலிருந்து தொங்கவிட்ட கயிறுகளெல்லாம் காற்றடித்ததுபோல் ஆடும். தெரு மொத்தமும் அந்த ஒரு அண்டாப் பருப்புக் குழம்பை, அந்தத் தால்சாவை, ரசித்து நம்பியது. நம்பாதவன் ஒருவன்தான். அவன் படைத் தலைவன் யாசர்.

தெருமுனையில் கார்களை ஒதுக்கச் சொல்லி நிறுத்திய பாரி இடத்தை விட்டு ஓடினார். தீ தானாக அணைந்தது. தால்சா என்று பொய் சொல்லிப் படையைக் கேலிக்கூத்தாக்கினார். யாசர் சுமத்திய குற்றம் இதுதான். பக்கத்தில் நிக்காஹ் விருந்து சமைத்த முகைதீன் பண்டாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என் தேக்சா எல்லாம் நிறைஞ்சுதான் இருந்துச்சு" என்று அவர் கையை விரித்தார். பாரியின் படைச் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதை எதிர்த்து அவர் குறை சொல்லிக் கேட்டு வாங்கியதுதான் இன்றைய விசாரணை.

"சட்டை போனாப் போவுது பக்ரு. பொய்யன்னு பேரோட என்னைய கபுருக்குத் தூக்கிட்டுப் போயிறக் கூடாது" என்றார் நேற்று.

"மத்ததெல்லாம் மெய்யாக்கும்?"

"மத்ததெல்லாம் கதைடி. இது நடந்தது."

எதிர்வீட்டுப் பர்மியக்காரி டோ ஏ அவள் கையில் வெறுந்தேநீரைத் திணித்தாள். ஃபக்ருன்னிசா குடித்தாள். சூடா, ஆறியதா என்று தெரியவில்லை.

குளிப்பாட்டி, கஃபனிட்டு, சந்தூக்குப் பெட்டியில் கிடத்தியாயிற்று. மேல்மாடியிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் படிக்கட்டில் ஏறுவது தென்னை மரம் ஏறுவதற்குச் சமம். அதனால் மய்யித்தை இறக்கப் படையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. யாசரே வந்தான். யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் தலைமாட்டில் நின்றான்.

தூக்குமுன் கேட்க வேண்டியதை மகன் ஆமிர் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டான். "எங்க வாப்பா மேல யாருக்காச்சும் குறை இருந்தா இப்பவே சொல்லிருங்க. இல்லேன்னா மன்னிச்சு விட்டுருங்க." பிறகு அதையே பர்மிய மொழியில் மளமளவென்று சொன்னான்.

பொறுத்துக்கொண்டோம் என்ற முணுமுணுப்புத்தான் வழக்கமாக வரும்.

"எனக்கு இருக்கு" என்றது ஒரு குரல். முகைதீன் பண்டாரி.

எல்லாத் தலையும் திரும்பியது.

"இதை மறுமை வரைக்கும் சுமக்க முடியாது தம்பி. கறியும் மாங்காயும் போட்டு எறக்கி வெச்ச தால்சா. கேக்காமக் கொள்ளாமத் தள்ளுவண்டியோட உருட்டிட்டுப் போயி நெருப்புல கவுத்துட்டாரு உங்க வாப்பா. மிச்சத்துல வெந்நிய ஊத்தி நான் விருந்தை ஒப்பேத்துனேன். வெளிய தெரிஞ்சா எவன் என்னைய சமைக்கக் கூப்புடுவான்? அதான் அன்னைக்கு அப்புடிச் சொன்னேன். என் குறையை நான் விட்டுட்டேன். அவரு என்னைய விடணுமே."

யாரோ சிரிக்கப் போய், அதை இருமலாக்கினார்கள்.

"யாசர் காக்கா, தூக்கலாமா?" என்றான் ஆமிர்.

யாசர் குனியவில்லை. "இருங்க" என்றான். ஃபக்ருன்னிசாவுக்குத் திரையின் அடியில் அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அவள் பக்கம் திரும்பி, நெருங்கி வந்து, நின்றன.

"ராத்தா, அன்னைக்கு நம்ம பம்புல எண்ணெய் இல்ல. ஊத்தி வெக்க வேண்டியவன் நான்தான், அதை மறைச்சேன். வெறும் பைப்பை இழுத்துக்கிட்டுத்தான் ஓடுனேன். அங்க போனா, புகையிலயே தால்சா வாசம் அடிச்சுது ராத்தா. சந்து முழுக்க அடிச்சுது."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

காலையிலிருந்து வாய் திறக்காத ஃபக்ருன்னிசா கேட்டாள். "நாலு மாடியா?"

"நாலு மாடி இல்ல. கீழ்க்கட்டு மட்டும்தான்" என்றான் யாசர். அவன் பாதங்கள் அங்கேயே நின்றன. "ஆனா, நடந்துச்சு ராத்தா."