அடைத்த பொந்து

அலங்காநல்லூர் விருமாண்டிக்கு முன்னே பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இப்போது பெண்டாட்டி செல்லத்தாய்க்கு ஆறாம் மாதம். மழையும் பொய்த்துவிட்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, மேகமலையில் தேயிலை போடக் காடு வெட்டக் கங்காணி ஆள் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான்.

"பச்சை மரத்துல கோடாலி வைக்காதீக," என்றாள் செல்லத்தாய். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிருள்ள மரத்தை வெட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை.

"பட்ட மரமாப் பாத்துக் குடுங்கண்ணே," என்று கங்காணியிடம் கேட்டான்.

"காட்டை அழிக்க வந்தவனுக்கு விரதம் வேறயா மாப்ள?"

அந்தக் காட்டில் பட்ட மரம் தேடுவதே பெரும்பாடு. விழுந்து கிடந்த கட்டைகூடப் பாசியும் பூவும் பூச்சியுமாக உயிரோடுதான் இருந்தது. கடைசியில் ஒரு பெரிய மரம் அகப்பட்டது. உச்சி மஞ்சுக்குள் மறைந்திருந்தது. உயரத்துப் பொந்தில் மண் அப்பியிருந்தது. சமவெளிக்காரனுக்கு மரத்தில் மண் என்றால் கரையான்; கரையான் ஏறிய மரம் செத்த மரம். ஆனாலும் ஊர் வழக்கப்படி கோடாலியின் பின்புறத்தால் தட்டி, "குடியிருக்கிற உசுரெல்லாம் வெளியேறிக்கங்க சாமி," என்று சொல்லிக் காத்திருந்தான். எதுவும் வெளியேறவில்லை.

மரம் பச்சை இலையோடு சாய்ந்த பிறகு பொந்து உடைந்தது. உள்ளே ஒரு பெரிய பறவை, இறகுகள் உதிர்ந்து, குஞ்சை வயிற்றடியில் வைத்தபடி செத்துக் கிடந்தது.

தள்ளி வேறு மரம் வெட்டிக்கொண்டிருந்த மலைவாசிப் பளியன் கண்ணுச்சாமி ஓடிவந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இருவாச்சிப்பா. முட்டை வைக்க உள்ள போயி, தானே மண்ணு பூசி அடைச்சுக்கிரும். பறக்க எறகு கெடையாது, எங்கிட்டு வெளியேறும்? ஆம்பளைதான் சந்து வழியா பழம் ஊட்டும். அதுக போட்ட கொட்டையில மொளச்சதுதான் இம்புட்டுக் காடும். இது குடிச்சு வச்ச மழைதான் உங்க வைகை."

அப்போது ஆண் பறவை அலகில் அத்திப்பழத்தோடு வந்தது. மரம் நின்ற இடத்து வெறும் ஆகாயத்தைச் சுற்றியது. மறுநாளும் பழத்தோடு வந்தது. விருமாண்டி கோடாலியைக் கீழே போட்டான். கங்காணியிடம் சொல்லாமலே மலையிறங்கினான்.

வைகை மணலாய்க் கிடந்தது. கால் சுட நடந்து வீடு சேர்ந்தான். குறைமாதத்திலேயே பிள்ளை பிறந்திருந்தது. பால் இழுக்கவும் தெம்பில்லை என்றார்கள். தீட்டுக்காக மூலையை ஓலைத் தட்டியால் அடைத்துத் தாயையும் பிள்ளையையும் உள்ளே வைத்திருந்தார்கள். சோறு கொடுக்க மட்டும் ஒரு சந்து.

விருமாண்டி கிண்ணத்தை அந்தச் சந்தில் நீட்டினான். மெலிந்த கை ஒன்று வாங்கிக்கொண்டது.

"பச்சை மரம் எதையும் வெட்டலையே?"

"வெட்டல புள்ள."

"அப்பப் பிள்ள பொழைச்சுக்கிரும்."

பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்கவேயில்லை. விருமாண்டி நீட்டிய கையை எடுக்க மனமில்லாமல் சந்திலேயே வைத்திருந்தான்.