மூக்கு பாண்டு

அடையாறு பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் பாண்டுரங்கனை மூக்கு பாண்டு என்றுதான் சொல்வார்கள். பானெட்டைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தால் போதும், பெட்ரோல் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கைக் கொரோனா தின்றுவிட்டுப் போய்விட்டது. மல்லிகையும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. மனைவி தேசம்மாவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் மூக்கை நம்பி வருகிறவர்கள். அது போன சேதி வெளியே தெரிந்தால், மெக்கானிக் ஷெட்டை, அங்கேயே கூட வேலை பார்க்கும் தேசம்மாவின் தம்பி பிரபு கையில் கொடுத்துவிட்டு, அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவனும் அதற்குத்தான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

அபிராமபுரம் வைதேகி தன் அப்பாவின் பத்மினி காரைக் கொண்டுவந்து விட்டாள். நின்ற இடத்திலேயே குலுங்குகிறது, பெட்ரோல் நாற்றம் தாங்கவில்லை என்றாள். பாண்டு குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக மோந்தார். சுத்த நடிப்பு. வேலை பார்த்ததெல்லாம் கண்ணும் கையும்தான். பிளக்குகளைக் கழற்றினார், கரி அப்பியிருந்தது. கார்புரேட்டரைப் பிரித்தார், உள்ளே ஊசி தேய்ந்துபோய் பெட்ரோலை நிறுத்தாமல் வழியவிட்டிருந்தது. புது ஊசி போட்டதும் வண்டி சமர்த்தாக ஓடியது. அவருக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துப்போக வைதேகி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். ஷெட்டென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குச் சூடம் சுற்றாமல் சாவி கொடுக்கிற வழக்கம் பாண்டுவுக்குக் கிடையாது. தேங்காய்மேல் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு முன்பக்கத்திலிருந்து சுற்றி வந்தார். டிக்கி பக்கம் திரும்பும்போது பிரபு குறுக்கே புகுந்து நெருப்பை ஊதி அணைத்தான்.

"இன்னா மாமா பண்ற? பெட்ரோல் டாங்க் ஓஸு ஒழுவிக்கினு கீது. தெருமுனை வரிக்கும் நாறுது, உனுக்குத் தெர்ல?"

"நான் உள்ள வரச்சயே குப்புனு அடிச்சுது," என்றாள் வைதேகி, பின்னால் நகர்ந்தபடி. "இவர் என்னடான்னா நெருப்பை வச்சுண்டு நிக்கறார்."

பாண்டு குனிந்து பார்த்தார். டாங்கிலிருந்து வரும் ரப்பர் ஓஸை இறுக்கும் கிளிப்பில் ஸ்க்ரூடிரைவர் கீறல் புதிதாகப் பளபளத்தது. யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்தப் பாவிதான். சொல்லிவிடலாம். சொன்னால், இத்தனை நேரம் பக்கத்திலேயே நின்றீரே, உம் மூக்கு என்னவாயிற்று என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இனிமே என் வண்டிய நீயே பாத்துக்கோப்பா," என்று வைதேகி பிரபுவிடம் சொன்னாள். அவன் கிளிப்பை இறுக்கி, தரையைக் கழுவிவிட்டு, சாவியை அவளிடம் தானே கொடுத்தான்.

கார் தெருவைத் தாண்டியதும் பாண்டு கேட்டார். "நீதான கழட்டுன?"

"நான்தான்."

"எனுக்கு மூக்கு போச்சுனு யார்றா சொன்னது?"

"அக்காதான். அதுக்கு ரொம்ப நாளா டவுட்டு. போன வாரம் ஊசிப்போன கறிய வேணும்னே உன் தட்டுல போட்டுச்சாம். நல்லாக்கீது, இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கித் துன்னியாமே. சொல்லிச் சொல்லி சிரிக்குது."

பாண்டுவுக்கு அந்தச் சாப்பாடு நன்றாக ஞாபகம் இருந்தது. கல்யாணமான புதிதில்போல தேசம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறுகிறாளே என்று அன்றைக்கு அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.